அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதம்: வீடா, மந்திரிப்பா, மாத்திரையா, மருத்துவமனையா?

“திருப்பத்தூர் சாலையில் பைக் விபத்து. உடம்பில் பெரிய காயம் இல்லை. பத்து நாளாகத் தூக்கமில்லை. லாரி ஹாரன் கேட்டால் தூக்கிப்போடுகிறது. அம்மா கயிறு கட்டலாம் என்கிறார். அத்தான் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு மாத்திரை போட்டுத் தூங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதைச் செய்வது?”

ஆளும் சம்பவமும் மாறுமே தவிர, காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வரும் கேள்வி இதுதான். சிராவயல் மஞ்சுவிரட்டில் பக்கத்தில் நின்றவரை மாடு குத்தியதைப் பார்த்தவர் கேட்கிறார். பழனிப் பாதயாத்திரையில் முன்னால் நடந்தவர் மீது வேன் மோதியதைக் கண்டவர் கேட்கிறார். பெரிய வீட்டில் தனியாக இருந்த அப்பத்தாவிடம் இரவில் திருடன் கத்தியைக் காட்டிவிட்டுப் போனபின், சென்னையில் இருக்கும் பேரன் கேட்கிறான்.

உடம்புக்கு என்றால் வழி தெளிவாக இருக்கிறது. 108ஐ அழைக்கலாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. மனத்துக்கான கணக்கோ அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அப்போது கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மீதியை வீட்டார்தான் முடிவு செய்தாக வேண்டும்.

## முதலில், இது என்ன?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் தன் நோய் வரையறைக் கையேட்டில் ‘அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர்’ என்ற பெயரில் இதைச் சேர்த்தது. தமிழில் கடும் மன உளைச்சல் கோளாறு எனலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சம்பவம் நடந்த 3ஆம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இது இருக்க வேண்டும். 14 அறிகுறிகளில் குறைந்தது 9 தென்பட வேண்டும். அன்றாட வேலையையோ உறவையோ அது குலைத்திருக்கவும் வேண்டும்.

காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கெட்ட கனவு, மகிழ்ச்சி என்ற உணர்வே மரத்துப்போவது, சுற்றி நடப்பது நிஜமல்ல என்று தோன்றுவது, நடந்ததில் ஒரு பகுதி நினைவில் இல்லாமல் போவது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, உறக்கமின்மை, எரிச்சல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. பட்டியலின் சாரம் இவ்வளவே. வீட்டார் முதலில் கவனிப்பது எரிச்சலையும் உறக்கமின்மையையும். கவனிக்கத் தவறுவது தவிர்ப்பதை. “வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிறான், நல்லதுதானே” என்று விட்டுவிடுவார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் பதற்றத்தை யாரும் நோய் என்று சொல்வதில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அதை இயல்பான எதிர்வினையாகவே வைத்திருக்கிறது. சாலை விபத்து போன்றவற்றுக்குப் பிறகு இந்தக் கோளாறு வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு. ஒருவர் வேண்டுமென்றே தாக்கியிருந்தால் இந்த விகிதம் கூடும். இது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரு மாதத்துக்குப் பிறகும் நீடித்து, பிடிஎஸ்டி எனப்படும் நீண்டகாலப் பாதிப்பாக மாறுகிறது. மறுபாதியினர் தேறிவிடுகிறார்கள்.

முடிவெடுப்பது கடினமாக இருப்பதற்கு இந்தப் பாதிக்குப் பாதிதான் காரணம். எல்லாரையும் மதுரைக்கு வண்டியேற்ற வேண்டியதில்லை. எல்லாரையும் விட்டுவிடவும் முடியாது.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. விபத்துக்குப் பிறகு குழம்பிப் பேசுவது, நடந்ததை மறப்பது, அசந்து அசந்து தூங்குவது எல்லாம் மனஅதிர்ச்சியாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. தலையில் அடிபட்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கூடவே வாந்தியோ, கூடிக்கொண்டே போகும் தலைவலியோ, கை கால் தளர்ச்சியோ இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

- இன்று எத்தனையாவது நாள்? 4ஆம் நாளுக்குச் சரியானது 20ஆம் நாளுக்குச் சரியாக இராது.
- உறக்கம், சாப்பாடு, வேலை இவை நாளுக்கு நாள் தேறுகின்றனவா, அப்படியே நிற்கின்றனவா, மோசமாகின்றனவா?
- இந்த வழி, பயந்த பொருளின் பக்கம் ஆளை மெல்லத் திரும்பக் கொண்டுவருகிறதா, அதிலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டு போகிறதா?
- மோசமானால் கண்டுபிடித்துச் சொல்ல இதில் யாராவது இருக்கிறார்களா?
- பணம் போக வேறென்ன செலவு? நாள் கூலி, ஊர்ப் பேச்சு, பக்க விளைவு, கைநழுவும் காலம்.

ஐந்திலும் எனக்கு மூன்றாவதே பெரிது. தவிர்க்கத் தவிர்க்க, பயம் தன் இடத்தை விரித்துக்கொண்டே போகும். முதலில் அந்த வளைவு, பிறகு அந்தச் சாலை, பிறகு எந்தச் சாலையும் வேண்டாம்.

## வழி 1: வீட்டில் வைத்து ஆற விடுவது

முதல் இரண்டு வாரத்துக்குப் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சிறந்த வழி. மருத்துவ வழிகாட்டுதல்களும் லேசான அறிகுறி உள்ளவர்களைக் கவனித்துக்கொண்டே காத்திருக்கச் சொல்கின்றன. கவனித்துக்கொண்டே என்ற சொல்லைத்தான் நாம் வசதியாக விட்டுவிடுகிறோம்.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்குப் பெரிய பலம் உண்டு. கூப்பிட்ட குரலுக்குப் பங்காளிகள் வருவார்கள். சமைத்துப்போட ஆள் இருக்கும். இரவில் பக்கத்தில் படுக்க யாராவது கிடைப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதும் ஏறக்குறைய இதையே: என்ன தேவை என்று பார், பேசினால் கேள், உதவியோடு இணைத்துவிடு. நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது.

இங்கே மறைந்திருக்கும் செலவு விசாரிக்க வருபவர்கள்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து முகப்பில் உட்கார்ந்து, “எப்படி நடந்தது? வண்டி எந்தப் பக்கம் வந்தது? ரத்தம் நிறையப் போனதா?” என்று முதலிலிருந்து கேட்பார்கள். ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர். காலையில் நாலு பேர், மாலையில் ஆறு பேர். அன்பில் குறையில்லை. ஆனால் சம்பவம் நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்யும் முறையை மேலைநாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் முறையாகச் செய்துபார்த்தார்கள். ஆய்வுகளில் அது பயன் தரவில்லை. சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அதைச் செய்ய வேண்டாம் என்றே கூறுகிறது. நம் முகப்பில் அதையே ஒரு நாளைக்குப் பத்து முறை நடத்துகிறோம்.

எனவே வீட்டில் ஒருவர் வாசலில் நின்று பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். “நன்றாக இருக்கிறான், தூங்குகிறான், காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று சொல்லத் தெரிந்த சித்தப்பாவோ பெரியம்மாவோ போதும். விபத்து வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றினால் அதையும் இவர்தான் தடுக்க வேண்டும். அவனாகப் பேச வந்தால் குறுக்கிடாமல் கேட்கலாம்.

இன்னொரு செலவு குடி. தூக்கம் வரட்டும் என்று தொடங்கும் இரண்டு நாள் பழக்கத்தை, “பாவம், பயந்துபோயிருக்கிறான்” என்று வீடு கண்டும் காணாமல் விடுகிறது. குடித்த தூக்கம் பாதி இரவில் கலையும்; கனவும் பதற்றமும் அதற்குப் பிறகு இன்னும் கூடும்.

இந்த வழி பொருந்தாத இடம்: இரண்டு வாரமாகியும் துளியும் தேறாதவர், வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருப்பவர், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்.

## வழி 2: மந்திரிப்பும் கோயிலும்

“பயந்த கோளாறு” என்றதும் விபூதி போடுவது, வேப்பிலை அடிப்பது, பாடம் போட்டுக் கயிறு கட்டுவது இங்கே முதல் மருத்துவம். பள்ளிவாசலில் ஓதிப் பார்க்க எல்லா மதத்தாரும் போவார்கள். இதைக் கேலி செய்து எழுதுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒருவர் வீட்டை விட்டு இறங்கிக் கோயில்வரை நடக்கிறார் என்றால், பத்து நாளில் அவர் முதல்முறையாகத் தெருவுக்கு வந்திருக்கிறார். குடும்பம் கூட வருகிறது. உன் பயத்தை நாங்கள் பொய் என்று நினைக்கவில்லை என்று அத்தனை பேரும் சொல்லாமல் சொல்கிறார்கள். இவை உண்மையான பலன்கள்.

சிக்கல் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது நாள் கணக்கு. ஒரு மண்டலம் இருந்து பார்க்கலாம் என்றால் 48 நாள். சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கக்கூடிய முதல் மாதம் அதற்குள் போய்விடும். இரண்டாவது பெயர் சூட்டுவது. வெறித்துப் பார்ப்பதும், தான் தானாக இல்லை என்று சொல்வதும், நடந்ததில் பாதி நினைவில்லை என்பதும் இந்தக் கோளாறின் அறிகுறிகள். அவற்றையே காற்றுக் கருப்பு என்றும், அந்த இடத்தில் இறந்தவன் பிடித்துக்கொண்டான் என்றும் ஒருவர் சொல்லிவிட்டால், பயத்தோடு புதிதாக ஒரு பயமும் சேர்கிறது. கல்யாணமாகாத பெண் என்றால் அந்தப் பெயர் ஊரில் எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதற்குப் பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

கயிறு கட்டுங்கள், தவறில்லை. வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

## வழி 3: தூக்க மாத்திரை

இந்தப் பட்டியலில் எனக்கு அறவே பிடிக்காதது இதுதான். ஏனெனில் முதல் இரவே பலன் தருவதாகத் தோன்றும். அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்தவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதவை. யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனிப்பதிவேட்டில் எழுத வேண்டியவை. நடைமுறையில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுதிக்கொடுத்த அட்டையிலிருந்து இரண்டைக் கிள்ளிக் கொடுப்பதும் நடக்கிறது.

அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில், உளைச்சலைக் குறைக்கவோ தூக்கத்துக்காகவோ இவ்வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. பிடிஎஸ்டியை இவை தடுப்பதில்லை. உடல் சீக்கிரம் பழகிவிடும். நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். குடியோடு சேர்ந்தால் மூச்சே தளரலாம்.

வயதானவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பழைய வளவு வீட்டில் கழிவறை பின்கட்டில் இருக்கும். மாத்திரை மயக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான தரையில் நடந்து, உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டிப் போக வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால் திருடன் வந்துபோன பயம் சின்னப் பிரச்சினையாகிவிடும்.

பொருந்தும் இடம் மிகக் குறுகியது. கட்டுப்படுத்த முடியாத கொந்தளிப்பில் இருப்பவருக்கு, மருத்துவர் நேரில் பார்த்து, சில நாளுக்கு மட்டும் எழுதலாம். ஏற்கெனவே மனநல மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அவற்றை நிறுத்திவிடக் கூடாது.

## வழி 4: 14416க்குப் பேசுவது

இது மத்திய அரசின் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தெரியும். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

இதன் பெரிய லாபம் மறைவு. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று பஸ் நடத்துநருக்கே தெரிந்துவிடும் ஊர்களில், மனநலப் பிரிவு வாசலில் உட்காருவதற்குமுன் ஒருவரிடம் பேசிப் பார்க்க முடிகிறது. இரவு இரண்டு மணிக்குத்தான் பயம் கூடும். அந்த நேரத்திலும் இது திறந்திருக்கும். என்ன செய்வது என்று தெரியாத வீட்டாரும் அழைக்கலாம். பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்பதில்லை.

குறை என்றால், எதிர்முனையில் இருப்பவர் ஆளைப் பார்க்க முடியாது. தலைக்காயத்தை அவரால் கண்டுபிடிக்க முடியாது. கூட்டுக் குடும்பத்தில் தனியாகப் பேச மொட்டைமாடி தேவைப்படும். காது மந்தமான அப்பத்தாவுக்குப் பயன்படாது.

## வழி 5: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உள்ளது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி. மருத்துவர் சுற்றுமுறையில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு. எந்தக் கிழமை என்று உள்ளூர் அரசு மருத்துவமனையில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம்.

மருந்துக்கும் பார்ப்பதற்கும் பணமில்லை. மனநல மருத்துவரே நேரில் பார்ப்பதால், இது அதிர்ச்சியா, தலைக்காயமா, பழைய மனச்சோர்வு கிளம்பியதா என்று பிரித்தறிய முடியும். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால், மனப்பாதிப்பும் சிகிச்சைப் பதிவாக எழுத்தில் இருப்பது உதவும். இதை யோசிப்பவர்கள் குறைவு.

மறைந்த செலவு நாள்தான். காரைக்குடியிலிருந்து சிவகங்கை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை பஸ், ஓ.பி. சீட்டு வரிசை, மருந்து வரிசை என்று பொழுது போய்விடும். கூலிக்குப் போகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்து இரண்டு நாள் கூலி. கூட்டத்தில் மருத்துவரால் நீண்ட நேரம் பேசவும் முடியாது. உளவியலாளர் இருக்கிறாரா, அவரைத் தனியாகப் பார்க்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

## வழி 6: முறையான உளவியல் சிகிச்சை

இந்தக் கோளாறு உறுதியானவர்களுக்கு ஆய்வுகளின் ஆதரவு அதிகம் உள்ளது அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான். ஆஸ்திரேலிய உளவியலாளர் ரிச்சர்ட் பிரையன்ட் குழு, விபத்திலும் தாக்குதலிலும் தப்பியவர்களிடம் ஐந்தாறு அமர்வுகளில் இதைச் செய்துபார்த்தது. வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களில் குறைவானவர்களுக்கே பிடிஎஸ்டி வந்தது.

அமர்வில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று முதலில் விளக்குவார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவார்கள். பிறகு, நடந்ததை வரிசையாகச் சொல்லவைப்பார்கள். முகப்பில் விசாரிக்க வந்தவர் கேட்டதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே நேரம் உங்கள் கையில். பதற்றம் தணியும்வரை கூடவே ஒருவர் இருப்பார். “நான் அன்று வேகமாக ஓட்டாமல் இருந்திருந்தால்” என்பது போன்ற குற்றவுணர்வை எடுத்துவைத்து அலசுவார். அதன்பின் வீட்டுப்பாடம்.

பஸ் விபத்தில் தப்பிய ஒருவருக்கு அந்த வீட்டுப்பாடம் இப்படி இருக்கலாம். முதல் நாள் காரைக்குடிப் பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் சும்மா நிற்பது. அடுத்து, நிற்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்குவது. பிறகு டவுன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். அடுத்த வாரம் குன்றக்குடி வரை டிக்கெட். அதன்பின் பிள்ளையார்பட்டி. கடைசியில் விபத்து நடந்த வளைவைத் தாண்டித் திருப்பத்தூர். ஒவ்வொரு படியிலும் நெஞ்சுப் படபடப்பு அடங்கும்வரை நிற்க வேண்டும். பாதியில் இறங்கி ஓடினால் பயம் வென்றதாக மூளை குறித்துக்கொள்ளும்.

செலவு? காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். திருச்சியும் அதே அளவு. வாரம் ஒருமுறை போய்வர வேண்டும், அதுவும் பஸ்ஸுக்குப் பயப்படுகிறவர் பஸ்ஸிலேயே. முதல் சில அமர்வுகளைக் காணொளி அழைப்பில் நடத்துவார்களா என்று கேட்கலாம். 2017 சட்டப்படி உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவைத்தான் ஏற்கின்றன. அமர்வுக் கட்டணம் கைப்பணம் என்றே கணக்கிடுங்கள். ‘கவுன்சலிங்’ பலகை மாட்டியவர் எல்லாரும் இதில் பயின்றவர்கள் அல்லர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா, அதிர்ச்சிச் சிகிச்சையில் பயிற்சி உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

முதல் வாரத்தில் இதற்கு ஓட வேண்டியதில்லை. இரண்டாவது வாரத்துக்கு மேலும் அறிகுறிகள் கனமாக நின்றால் இதற்கு ஈடு வேறில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | கண்ணுக்குத் தெரியும் செலவு | தெரியாத செலவு | பயத்தின் பக்கம் திரும்ப உதவுமா? |
|---|---|---|---|---|
| வீடு | முதல் 2 வாரம் | ஏதுமில்லை | விசாரிக்க வருபவர்கள், குடி, மறைந்த தவிர்ப்பு | வீட்டாரைப் பொறுத்தது |
| மந்திரிப்பு, கோயில் | எப்போதும், துணையாக மட்டும் | காணிக்கை, பரிகாரம் | நாள் போவது, ‘பிடித்திருக்கிறது’ என்ற பெயர் | சிறிது |
| தூக்க மாத்திரை | மருத்துவர் சொன்னால், சில நாள் | குறைவு | பழக்கம், கீழே விழுவது | இல்லை |
| 14416 | முதல் நாளிலிருந்தே | இலவசம் | நேரில் பரிசோதிக்க முடியாது | வழிகாட்டும் |
| அரசு மனநலப் பிரிவு | தேறாமல் 2 வாரம். அபாயக் குறி இருந்தால் உடனே | பஸ் கட்டணம் | நாள் கூலி, காத்திருப்பு | உளவியலாளர் இருந்தால் ஆம் |
| உளவியல் சிகிச்சை | 2 வாரத்துக்கு மேல் கனமான அறிகுறி | அமர்வுக் கட்டணம், பயணம் | தகுதியற்றவரிடம் மாட்டுவது | ஆம் |

## ஊரைவிட்டு அழைத்துப்போகலாமா?

இது ஏழாவது வழி என்று சொல்லலாம். செட்டிநாட்டில் இதைப் பலர் கேட்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, இங்கே பூட்டிய அறைகள் நிறைந்த வீட்டில் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். திருட்டு நடந்ததும் முதல் யோசனை, “கிளம்பி எங்களோடு வந்துவிடுங்கள்.”

ஆபத்து இன்னும் தீரவில்லை என்றால் யோசிக்காமல் அழைத்துப்போங்கள். கதவு உடைந்து கிடக்கிறது, ஆள் பிடிபடவில்லை, மிரட்டல் தொடர்கிறது, அல்லது அடித்தவரே வீட்டுக்குள் இருக்கிறார் என்றால் விலகுவதுதான் பாதுகாப்பு. அதைத் தவிர்ப்பு என்று எண்ணக் கூடாது. ஆபத்து தீர்ந்துவிட்டது, பயம் மட்டும் மிச்சம் என்றால் கணக்கு மாறுகிறது. அறுபது வருடம் புழங்கிய வளவையும் அக்கம்பக்கத்தையும் விட்டு, பகலெல்லாம் யாருமில்லாத அடுக்குமாடியில் ஓர் அறைக்குள் அப்பத்தாவை உட்காரவைத்தால், பயம் போனதா தனிமை வந்ததா என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும். என் யோசனை: பூட்டை மாற்றுங்கள், வெளிச்சம் போடுங்கள், இரவுக்கு ஒரு துணையாள் ஏற்பாடு செய்யுங்கள், பிள்ளைகளில் ஒருவர் இரண்டு வாரம் வந்து இருங்கள். அதன்பிறகும் அவரே போகலாம் என்றால் போகட்டும். வரும் தேதியையும் சேர்த்து முடிவு செய்தால் இன்னும் நல்லது.

## எந்த நிலையில் எதை எடுப்பேன்

முதல் வாரம், தூக்கம் குறைவு, ஆனால் சாப்பிடுகிறார், பேசுகிறார் என்றால் வீடும், வேண்டுமானால் கோயிலும். காலண்டரில் தினமும் மூன்றே விஷயம் குறித்து வையுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினார், எதைத் தவிர்த்தார், வெளியே போனாரா. 14ஆம் நாளன்று அந்தக் காலண்டரைப் பாருங்கள். தேறிவருகிறார் என்றால் தொடருங்கள். அப்படியே நிற்கிறது என்றால் 14416, பிறகு அரசு மருத்துவமனை. பணமும் பயண வசதியும் உள்ளவர்கள் நேராக ஆறாவது வழிக்குப் போகலாம்.

சாக வேண்டும் என்று பேசுவது, சாப்பாட்டையே ஒதுக்குவது, இல்லாத குரல் கேட்பது, பிறரைத் தாக்கப் போவது, நாள் முழுதும் குடி ஆகியவை அபாயக் குறிகள். இவற்றுக்கு 14ஆம் நாள் கணக்குக் கிடையாது, அன்றே மருத்துவமனை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் காத்திருக்கும் வழி பொருந்தாது. எச்ஐவி தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரக் கெடு இருக்கிறது; அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் எடுத்தால்தான் பலன் அதிகம். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 181 எண்ணில் அழைத்தால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். மனநல ஆலோசனையும் அங்கேயே கிடைக்கும்.

குழந்தைகள் சொல்ல மாட்டார்கள், செய்து காட்டுவார்கள். விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பும், விபத்தையே விளையாட்டாக நடத்துவார்கள், அம்மாவின் முந்தானையை விடமாட்டார்கள். பள்ளி, சாப்பாடு, உறக்கம் இவற்றின் நேரத்தை மாற்றாமல் வைத்திருங்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான சிறிய பதில் சொல்லுங்கள். மாத்திரை வழியை இவர்களுக்கு நினைக்கவே வேண்டாம்.

30ஆம் நாள் இன்னொரு முறை காலண்டரைப் பார்க்க வேண்டும், முதல் மாதம் நன்றாக இருந்தவர்களுக்கும் சேர்த்தே. பிடிஎஸ்டி வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு முதல் மாதத்தில் இந்தக் கோளாறு முழுமையாக இருந்ததே இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்தால் இந்த ஒப்பீடு மாறுகிறது. காத்திருக்கும் வழி பட்டியலிலிருந்து விழுகிறது. செர்ட்ராலின் போன்ற, பழக்கமாகாத மனச்சோர்வு மருந்துகளுக்கு அப்போது ஓர் இடம் வருகிறது. அவற்றை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறாவது வழி அப்போதும் பட்டியலில் முதலில்தான் நிற்கிறது. சம்பவம் நடந்து பல வருடம் கழித்து வந்தவர்களுக்கும் அது பலன் தந்திருக்கிறது.